பின் கண்ணாடி நொறுங்கினால் கார் இன்சூரன்ஸ் எது தரும், எது தராது

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. இங்கிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அன்றைக்கு ஈயம் தோண்டிய குட்டைகளில் இன்றைக்கு மணல் எடுக்கிறார்கள். ஆகவே குலை ஏற்றிய லோரியும் மணல் லோரியும் ஓடாத நாள் கிடையாது. இந்த ரோட்டில் கார் ஓட்டுகிறவனுக்குக் கல் பறந்து வருவது புதிதில்லை. முன் கண்ணாடியில் ஒரு புள்ளியாவது இல்லாத காரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பின் கண்ணாடிக்கு வருகிற ஆபத்து வேறு மாதிரியானது. ரோட்டோரம் புல் வெட்டுகிற மெஷின் ஒரு சின்னக் கல்லைத் தட்டிவிடும். தோட்டத்துக் கடை வாசலில் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது, நின்றுகொண்டிருக்கும் லோரியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு இடித்துவிடும். கோயில் திருவிழாக் கூட்டத்தில் நிறுத்திவிட்டுப் போன காரில் கைப்பையைப் பார்த்த எவனோ கண்ணாடியை உடைத்திருப்பான். இல்லையென்றால் காற்றும் மழையுமாக ஒரு மாலை, மரக்கிளை முறிந்து பின்பக்கம் விழுந்திருக்கும். நான்கிலும் உடைவது ஒரே கண்ணாடிதான். ஆனால் இன்சூரன்ஸ் இந்த நான்கையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. எந்தக் காரணத்தால் உடைந்தது, கூடவே வேறு என்ன அடிபட்டது, ரோட்டேக்ஸோடு இன்சூரன்ஸையும் புதுப்பித்த அன்று எதற்குப் பணம் கட்டினோம், இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவு வரும். மூன்றாவது மட்டும்தான் நம் கையில் இருப்பது. அந்த இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறோம்.

முதலில் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம். காரின் முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பட்டால் விரிசல் விழும், நட்சத்திரம் மாதிரி ஒரு கீறல் நிற்கும், ஆனால் கண்ணாடி இடத்தைவிட்டுப் போகாது. சின்னக் கீறலாக இருந்தால் பிசின் ஊற்றி அடைத்துவிடுவார்கள். பின் கண்ணாடி பெரும்பாலான கார்களில் டெம்பர்ட் வகை. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் வேகமாகக் காற்று ஊதி ஆற்றுவார்கள். வெளிப்புறம் முந்தி இறுகிவிடும். உட்புறம் பிந்தி இறுகும்போது வெளிப்புறத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இறுக்கத்தால்தான் சாதாரண அடியை அது தாங்குகிறது. கூரான ஒன்று அந்த இறுக்கத்தைத் துளைத்துவிட்டாலோ, மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் நொறுங்கும்.

புல் வெட்டும் மெஷின் எறிந்த கல் பட்டு ஒரு பின் கண்ணாடி போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். கல் விழுந்த சத்தத்தைவிடக் கண்ணாடி வெடிக்கிற சத்தம் பெரிதாக இருக்கும். கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்துப்போகும். உள்ளே டிண்டட் எனும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். கதவைச் சாத்தினால், அல்லது ரோட்டில் ஒரு குழியில் இறங்கினால், கற்கண்டுத் துண்டு அளவில் பொலபொலவென்று பூட்டு எனப்படும் பின்பக்கச் சாமான் அறைக்குள் கொட்டும். கூர் இல்லாத துண்டுகள் என்பதால் ஆட்களுக்குக் காயம் குறைவு, இந்த வகைக் கண்ணாடியைப் போடுவதே அதற்காகத்தான். ஆனால் அடைக்கிறது, ஒட்டுகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. பின் கண்ணாடி உடைந்தால் முழுசாக மாற்றித்தான் ஆக வேண்டும். அதனால் இன்சூரன்ஸ் கேள்வியும் நேராகவே வந்து நிற்கிறது: முழு விலையையும் கூலியையும் யார் கொடுப்பது?

மலேசியாவில் கார் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்வதில் பல தரம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கேட்பது, நம் வண்டியால் அடுத்தவர் உயிருக்கும் உடலுக்கும் வரும் கேட்டுக்கான பாதுகாப்பை மட்டும்தான். தர்ட் பார்ட்டி என்று வாங்குவது அதோடு அடுத்தவர் சொத்துக்கும் சேர்த்து. அதற்கு மேல் தீ, திருட்டு சேர்ந்த தரம் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, நம் காருக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் காம்ப்ரிஹென்சிவ். தர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்குக் கண்ணாடி உடைந்தால் ஒன்றும் கிடைக்காது. அது தெரிந்ததுதான். காம்ப்ரிஹென்சிவ் வைத்திருப்பவர்தான், எல்லாம் சேர்த்துத்தானே கட்டியிருக்கிறோம், கண்ணாடியும் அதில் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்.

வரும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் தனியாகக் கண்ணாடிப் பாதுகாப்பு எடுக்காதவர், உடைந்த பின் கண்ணாடிக்குச் சொந்தச் சேதம் என்ற கணக்கில்தான் கேட்க முடியும். அப்படிக் கேட்ட நாளே என்சிடி போய்விடும். என்சிடி என்பது கிளேம் பண்ணாத வருடங்களுக்காக நிறுவனம் தருகிற கழிவு. தனியார் காருக்கு முதல் வருடம் கழிந்ததும் 25 விழுக்காடு, அப்புறம் 30, 38.33, 45, ஐந்தாவது வருடம் 55. ஒரே ஒரு சொந்தச் சேத கிளேம், அது எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் சரி, இதைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இதை எண்ணில் பார்க்காமல் யாருக்கும் உறைக்காது. கழிவுக்கு முந்திய பிரீமியம் 1,200 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிவு உள்ளவர் 540 வெள்ளி கட்டுகிறார். பின் கண்ணாடி மாற்ற 450 வெள்ளி ஆகிறது, அதைச் சொந்தச் சேதமாகக் கிளேம் பண்ணிவிடுகிறார். அடுத்த வருடம் முழு 1,200 கட்ட வேண்டும், அதாவது 660 அதிகம். அதற்கடுத்த வருடம் 25 விழுக்காடு கழிந்து 900, 360 அதிகம். பிறகு 840, அப்புறம் சுமார் 740, அதன்பின் 660. பழைய 540-க்குத் திரும்ப ஐந்து புதுப்பிப்பு தாண்ட வேண்டும். அதற்குள் கூடுதலாகக் கட்டியது ஏறத்தாழ 1,640 வெள்ளி, வரி தனி. 450 வெள்ளிக் கண்ணாடிக்கு 1,640 வெள்ளி! பிரீமியம் கூடக்குறைய இருந்தாலும் கணக்கின் போக்கு இதுதான். இந்த நிலையில் இருப்பவர் கைக்காசைப் போட்டுக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, இன்சூரன்ஸ் பக்கமே போகாமல் இருப்பதுதான் லாபம். இன்சூரன்ஸ் இருந்தும் இல்லாத நிலை அது.

இதற்காகத்தான் கண்ணாடிக்கென்று தனி இணைப்பு இருக்கிறது. பாலிசித் தாளில் 89 என்ற எண்ணோடு வரும். ஊரில் எல்லாரும் விண்ட்ஸ்கிரீன் என்று சொல்வது இதைத்தான். இது முன் கண்ணாடிக்கு மட்டும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். பின் கண்ணாடி உடைந்து, கையில் இந்த இணைப்பு இருந்தும் கேட்காமல் சொந்தக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பக்கவாட்டு ஜன்னல்கள் எல்லாம் இந்த இணைப்புக்குள் அடங்கும், பொதுவாக மேற்கூரைக் கண்ணாடியும் சேரும். தற்செயலாக உடைந்தால், எடுத்திருக்கும் தொகை வரைக்கும் மாற்றுச் செலவு கிடைக்கும். என்சிடியை அது தொடாது.

விலை? எடுக்கும் தொகையில் பெரும்பாலும் 15 விழுக்காடு. 500 வெள்ளிக்கு எடுத்தால் 75, 1,000-க்கு எடுத்தால் 150. அதன் மேல் சேவை வரி. 2024 மார்ச் 1 முதல் அது 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆகிவிட்டது. 2017 ஜூலையிலிருந்து காம்ப்ரிஹென்சிவ் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ஆனதால், அடிப்படை விலை ஆளுக்கு ஆள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே ஒரே இடத்தில் விலை கேட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டாம்.

இந்தத் தொகையை யார் முடிவு செய்கிறார்கள்? நம் ஊரில் பெரும்பாலும் ஏஜெண்ட்தான், அதுவும் இப்படி:

"அண்ணே, கண்ணாடி போன வருஷம் மாதிரியே ஐந்நூறு போட்டுடவா?"

"போடு தம்பி. இல்ல, குறைக்க முடியும்னா குறைச்சிடு."

பேச்சு அதோடு முடிந்துவிடும். போன வருடம் அந்த ஐந்நூறு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு முந்திய வருடத்திலிருந்து வந்திருக்கும். நடுவில் பழைய காரை விற்றுப் புதுக் கார் வாங்கியிருப்பார், புதுக் காரின் முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும். பெரோடுவாவின் புது மாடல்கள் பலவற்றிலும் புரோட்டோன் எக்ஸ் 50, எக்ஸ் 70 ஆகியவற்றின் சில வகைகளிலும் முன்னால் போகும் வண்டியைக் கவனித்துத் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கேமரா முன் கண்ணாடியை ஒட்டியே இருப்பதால், கண்ணாடியை மாற்றினால் கேமராவையும் சரிபார்த்து அமைக்க வேண்டிவரும், செலவும் ஏறும். எந்தக் கண்ணாடி உடைந்தாலும் அதே தொகையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதால், காரில் இருப்பதிலேயே விலை கூடிய கண்ணாடியை வைத்துத்தான் தொகையைப் போட வேண்டும். போட்ட தொகை 500, ஆன செலவு 900 என்றால் மீதி 400 நம் கையிலிருந்து போகும். புதுப்பிக்கும் முன் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டு, இந்த மாடலுக்கு முன் கண்ணாடி எவ்வளவு, பின் கண்ணாடி எவ்வளவு என்று கேட்டால் போதும், ஐந்து நிமிட வேலை.

தொகை போடும்போது டிண்டட்டையும் மறக்க வேண்டாம். 2019 மே மாதம் விதி மாறியதிலிருந்து முன் கண்ணாடிக்கு 70 விழுக்காடு, முன் ஜன்னல்களுக்கு 50 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பின் ஜன்னல்களுக்கும் பின் கண்ணாடிக்கும் கீழ் வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. அதன்பின் பலர் பின் கண்ணாடிக்கு நல்ல கறுப்பாக, விலை கூடிய ஃபிலிம் ஒட்டிவிட்டார்கள். வெயில் காயும் தோட்டத்து ரோட்டில் அது தேவையும்தான். கண்ணாடி நொறுங்கினால் ஃபிலிமும் அதோடு போகும். இணைப்பு ஃபிலிமுக்கும் பொதுவாகச் சேர்த்துத்தான் கொடுக்கிறது, ஆனால் எடுத்த தொகைக்குள்தான். ஃபிலிம் ஒட்டிய ரசீதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் விலை கூடிய ஃபிலிமுக்குப் பணம் கேட்டால் வாக்குவாதத்தில்தான் முடியும்.

சரி, இணைப்பு எடுத்தாயிற்று. எப்போது உதவும், எப்போது உதவாது?

கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் கதை சுலபம். புல் வெட்டும் மெஷினின் கல், லோரியிலிருந்து தெறித்த கல், பந்து, தேங்காய், எதுவானாலும் கண்ணாடிக் கணக்கில் போய்விடும். புல் வெட்டியவரின் மேல் தப்பு என்றால் அவரைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லலாமே என்று கேட்கலாம். சொல்லலாம். ஆனால் வெட்டுகிறவர் நாள் கூலிக்கு வந்திருப்பார், அவருக்கு மேல் ஒரு குத்தகைக்காரர், அவருக்கு மேல் தோட்ட நிர்வாகமோ ஊராட்சியோ. அந்த மனிதரின் கையைப் பிடித்துச் சண்டை போட்டு ஒன்றும் வரப்போவதில்லை. குத்தகைக்காரரின் பெயர், வண்டி எண், வேலை நடந்த இடத்தின் படம் இவற்றை எடுத்துக்கொண்டு நம் இன்சூரன்ஸில் கிளேம் பண்ணிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இணைப்பு இல்லாதவருக்குத்தான் குத்தகைக்காரரைத் துரத்த வேண்டிய நிலை.

கண்ணாடியோடு கதவோ பம்பரோ நசுங்கியிருந்தால் விஷயம் மாறிவிடும். நிறுவனம் அதை ஒரு விபத்தாகப் பார்க்கும், சொந்தச் சேதக் கணக்கில் போடும், என்சிடி ஆபத்தில் வரும். பி லைசென்ஸ் (புது ஓட்டுநருக்கான தற்காலிக லைசென்ஸ்) வைத்திருக்கும் பையன் ஓட்டியிருந்தால் இன்னொரு அடியும் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர், எல் அல்லது பி லைசென்ஸ் வைத்திருப்பவர், பாலிசியில் பெயர் எழுதப்படாதவர், இவர்களில் யார் ஓட்டி இடித்திருந்தாலும் முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டும். இது கட்டாயக் கழிப்பு. அதோடு கார் ஐந்து வயதைத் தாண்டியிருந்தால், பழைய சாமானுக்குப் புது ஒரிஜினல் சாமான் மாட்டுவதற்காக நம்மிடம் ஒரு பங்கு கேட்பார்கள். காரின் வயது கூடக்கூட அந்தப் பங்கும் கூடும், பத்து வயதைத் தாண்டினால் 40 விழுக்காடு வரை போகும். தோட்டப்புறத்தில் ஓடுகிற கார்கள் பலவும் இந்த வயதைத் தாண்டியவைதான். கிளேம் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த மூன்றையும், அதாவது போகப்போகும் கழிவு, 400 வெள்ளி, சாமான் பங்கு, ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பல நேரம் பட்டறைப் போமனிடம் ரொக்கம் பேசிச் சரிசெய்துகொள்வதே மேல் என்று தெரியவரும்.

பின்னால் வந்த கார் மோதிப் பின் கண்ணாடி போயிருந்தால் அது நம் தப்பு இல்லை. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்வது சட்டக் கட்டாயம். தப்பு எதிராளியுடையது என்று போலீஸ் விசாரணையில் வந்துவிட்டால், காம்ப்ரிஹென்சிவ் வைத்திருப்பவர் தன் சொந்த நிறுவனத்திடமே கிளேம் பண்ணலாம், என்சிடி கைவிட்டுப் போகாது. எதிராளியின் இன்சூரன்ஸிடம் நேராகக் கேட்பது இன்னொரு வழி. மோதியது ரோட்டேக்ஸும் இன்சூரன்ஸும் செத்துப்போன மோட்டாராக இருந்தால், இந்த இரண்டு வழியும் அடைபட்டுவிடலாம். தோட்டத்து உள்ரோடுகளில் அப்படிப்பட்ட மோட்டார்கள் ஓடுவது நமக்குத் தெரியாததா என்ன.

திருட்டில் உடைந்த கண்ணாடிக்கும் பணம் உண்டு, ஆனால் ரிப்போர்ட் கட்டாயம் கேட்பார்கள். உள்ளே இருந்து போன கைப்பை, லேப்டாப், சாமி கும்பிடக் கழற்றி வைத்த நகை எதற்கும் கார் இன்சூரன்ஸ் பொறுப்பாகாது. கண்ணாடியை மாற்றிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

மரம் விழுகிற விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி மேலிருந்து விழும் பொருளால் வரும் சேதத்தை ஏற்கிறது. ஆனால் புயல், வெள்ளம், மண்சரிவு போன்ற இயற்கைச் சீற்றம் அதில் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது. காற்றே இல்லாத மத்தியானத்தில் காய்ந்த கிளை ஒடிந்து கூரையும் பின் கண்ணாடியும் போனால் சொந்தச் சேதமாகக் கேட்கலாம். அதே கிளை புயற்காற்றில் விழுந்தால், சிறப்பு ஆபத்துகளுக்கான 57-ஆம் எண் இணைப்பு வாங்கியிருந்தால்தான் உண்டு. கோலசிலாங்கூர் பக்கம் வெள்ளமும் புயற்காற்றும் புதுசில்லை. வெள்ளத்துக்காக இந்த இணைப்பை எடுக்கச் சொல்கிறார்கள், சரிதான், ஆனால் வீட்டு வாசலில் பெரிய மரத்தடியில் கார் நிறுத்துகிறவருக்கு மரத்துக்காகவே அதை எடுக்க நியாயம் இருக்கிறது.

உடைந்த நிமிடத்தில் முதல் வேலை படம் எடுப்பது. கூட்டுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். நம் ஆட்களுக்குத் துடைப்பத்தைத் தேடும் அவசரம் வந்துவிடும், கண்ணாடித் தூள் பார்க்க அபசகுனமாகவும் இருக்கும், இருந்தாலும் இரண்டு நிமிடம் பொறுங்கள். பின் கண்ணாடிக்கு ஒரு வசதி, நம்பர் பிளேட் அதன் கீழேயே இருக்கிறது. இரண்டும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி எடுங்கள். அதோடு பக்கத்திலிருந்து ஒன்று, உள்ளே கொட்டிய தூளை ஒன்று, கல் கிடைத்தால் அதையும் ஒன்று. பிறகு நிறுவனத்துக்கோ ஏஜெண்டுக்கோ போன் போட்டுக் கேட்க வேண்டும். முந்தி மாற்றிவிட்டு ரசீதை நீட்டலாம் என்று நினைக்காதீர்கள். சில நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் உள்ள கடையில் மாற்றச் சொல்லும், அங்கே நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. சில, நாம் கட்டிவிட்டு ரசீதைக் கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லும். பட்டியல் கடை ரவாங்கிலோ கிள்ளானிலோ இருக்கலாம். அதுவரை கெட்டிப் பிளாஸ்டிக்கை ஒட்டு டேப்பில் நன்றாக ஒட்டி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேப்பைப் பெயின்ட் மேல் நாள்கணக்கில் விட்டால் வெயிலில் இறுகிக்கொள்ளும், அதனால் ரப்பர் ஓரங்களில் ஒட்டுவது நல்லது.

கேட்கும் பேப்பர்கள் சாதாரணமானவைதான். ஐசி என்கிற அடையாள அட்டை, லைசென்ஸ், காரின் கிராண்ட் என்கிற பதிவுச் சான்று, கிளேம் பாரம், உடைந்தபோது எடுத்த படம், மாற்றியபின் எடுத்த படம், ரசீது. வெறும் கண்ணாடி உடைப்புக்குப் பல நிறுவனங்கள் போலீஸ் ரிப்போர்ட் கேட்பதில்லை. போன் போடும்போதே இதைக் கேட்டுவிட்டால் இரண்டு தடவை அலைய வேண்டாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். எவ்வளவு தெரிந்த கடையாக இருந்தாலும், தொகை எழுதிய பிறகுதான் கையெழுத்து. நடக்காததை நடந்ததாகவோ, ஆகாத செலவை ஆனதாகவோ எழுதினால், பொய்க் கிளேம் நம் பெயரில்தான் நிற்கும், கடைக்காரர் பெயரில் இல்லை.

மாட்டும்போது பக்கத்தில் நிற்க முடிந்தால் நில்லுங்கள். பின் கண்ணாடி வெறும் கண்ணாடி இல்லை. மழையில் பூக்கும் பனியை விரட்டுவதற்கான மெல்லிய சூட்டுக் கம்பிகள் அதில் பதிந்திருக்கும், இரண்டு ஓரத்திலும் மின்கம்பி மாட்டும் சின்னத் தகடுகள் இருக்கும். சில கார்களில் ரேடியோ ஏரியலும் அதிலேயே பதிந்திருக்கும். பின் கதவுக் கார்கள் சிலவற்றில் வைப்பர் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும். மாட்டி முடித்ததும் சூட்டுக் கம்பிச் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள், வைப்பரை ஓட்டுங்கள், பிரேக்கை மிதித்து மேலே உள்ள சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், ரேடியோவைத் திருப்புங்கள். ஒட்டுப் பசை இறுக நேரம் வேண்டும். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம், எப்போது காரைக் கழுவலாம் என்று மாட்டியவரையே கேளுங்கள். அதற்குள் பின் கதவை ஓங்கி அடிக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றிப் பார்த்து ஒழுக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாற்றியபின் எடுக்க வேண்டிய படத்தை அனுப்ப வேண்டும். பூட்டுக்குள்ளும் சீட்டு இடுக்கிலும் தூள் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும், பின்சீட்டில் பிள்ளைகள் உட்காருவதானால் இரண்டு மூன்று தடவை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

கிளேம் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரு தடவை பயன்படுத்தியதும் கண்ணாடி இணைப்பு அத்தோடு காலாவதியாகிவிடும். ஜனவரியில் புதுப்பித்த பாலிசியில் மார்ச்சில் பின் கண்ணாடிக்குக் கிளேம் பண்ணியாயிற்று, ஆகஸ்டில் மணல் லோரிக் கல் முன் கண்ணாடியில் பட்டால் ஒன்றும் கிடைக்காது. மறுபடி வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்டி அதை உயிர்ப்பிக்க வேண்டும். பாலிசி முடிய இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு எடுங்கள். ஒன்பது மாதம் இருந்தால் கட்டுவது சரி. ஒன்றரை மாதம்தான் பாக்கி என்றால் அடுத்த புதுப்பிப்பு வரை பொறுத்துக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் இந்த இணைப்பு தேவையா? 15 விழுக்காடு என்றால், ஏழு வருடத்துக்குள் ஒரு தடவையாவது கண்ணாடி உடைந்தால்தான் கட்டிய பணம் திரும்பும் என்று அர்த்தம். டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிற, கண்ணாடி மலிவாகக் கிடைக்கிற ஒரு பழைய பெரோடுவா மைவிக்கு, அந்தப் பணத்தைத் தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டு உடைந்தால் ரொக்கமாகக் கொடுப்பதும் நியாயமான முடிவுதான். தினமும் ஈஜோக் பக்கமோ ரவாங் பக்கமோ லோரிகளுக்குப் பின்னால் வேலைக்குப் போகிறவர், கேமரா வைத்த புதுக் கார் வைத்திருப்பவர், 55 விழுக்காடு கழிவைக் கட்டிக் காப்பாற்றி வருகிறவர், இவர்கள் எடுக்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முக்கியமாக, அதைக் குறை, இதைக் குறை என்று ஏஜெண்டிடம் சொல்லும்போது முதலில் வெட்டப்படுவது இந்த வரிதான். எதை வெட்டச் சொல்கிறோம் என்று தெரிந்து வெட்டச் சொன்னால் பரவாயில்லை.

தர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருக்கும் பழைய புரோட்டோன் சாகா, கஞ்சில்காரர்களுக்கு இந்த இணைப்பு பொதுவாகக் கிடைக்காது. இவர்களுக்கு வழி, பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடை. டெம்பர்ட் கண்ணாடி பாதி உடைந்த நிலை என்று ஒன்று கிடையாது, நிற்கிறதென்றால் முழுசாக நிற்கிறது. அதனால் இரண்டாம் கைக் கண்ணாடி என்று பயப்பட வேண்டியதில்லை. ஓரங்களில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள், பலவீனம் அங்கேதான் தொடங்கும். ரப்பர் பட்டையில் பொருந்தும் பழைய மாடலாக இருந்தால் பட்டையைப் புதுசாக வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி நன்றாக இருந்தும் பட்டை வெடித்திருந்தால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே வரும்.

நிறுவனம் காரணமில்லாமல் மறுத்துவிட்டால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச் சொல்லை வைத்து எங்கும் போக முடியாது. முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவு. அங்கேயும் தீராவிட்டால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைகள் ஓம்புட்ஸ்மேன் என்ற நடுவர் சேவைக்கு எழுதலாம். முன்பு நிதிச் சேவை ஓம்புட்ஸ்மேன் என்று இருந்ததும் முதலீட்டுத் தகராறுகளைப் பார்த்த அமைப்பும் சேர்ந்து உருவானது அது. தக்காஃபுல் எனும் இஸ்லாமிய முறை இன்சூரன்ஸ் எடுத்தவர்களும் அங்கே போகலாம், பொதுமக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் புகாரைக் கொடுத்துவிட வேண்டும். படம், ரசீது, மறுப்புக் கடிதம் மூன்றும் கையில் இருந்தால் வக்கீல் வைக்காமலே அந்தக் கடிதத்தை எழுதிவிடலாம், ஆங்கிலமோ மலாயோ சரளமாக வராதவர்கள் ஊரில் படித்த பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து எழுதலாம்.